குற்றாலத் தண்ணீரில் கழுவிய ஸ்லைடு

"தாசில்தார் உள்ள வாங்க" என்று கிளினிக் பெண் கூப்பிட்டதும், பெஞ்சில் இருந்த ஏழு பேரில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒருவர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கி விட்டார். தென்காசிப் பக்கத்து மனிதர்களுக்கு அதிகாரியின் பெயரைக் கேட்டாலே கை தானாக வேட்டிக்குப் போகும்.

உள்ளே போனது எங்கள் நாய்.

லாப்ரடார். வயது ஆறு. பெயர் வைத்தது என் மனைவி பகவதி. காலை பத்தரைக்கு முன் எழுந்திருப்பதில்லை, நிழலை விட்டு நகர்வதில்லை, சாப்பாடு இருக்கும் இடத்துக்கு மட்டும் நேரில் வருவார் என்று மூன்று காரணம் சொன்னாள். நானும் அரசு ஊழியனாக இருந்தவன்தான். மறுத்துச் சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு, ஆனி மாதச் சாரலில் ஒரு வெள்ளிக்கிழமை அது. தாசில்தார் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. உடம்பு கொதித்தது. மேலகரத்திலிருந்து ஆட்டோவில் அவரை நானும் பகவதியும் ஆளுக்கு இரண்டு கால் பிடித்துத் தூக்கி வந்தோம். அறை முழுக்க நனைந்த நாய் வாசனையும் பினாயில் வாசனையும். நனைந்த நாய்தான் ஜெயித்தது.

டாக்டர் ஜெனிபா சுரண்டைக்காரப் பெண். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். தாசில்தாரின் உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அமுக்கினார்.

"வெளுத்திருக்கு பாருங்க சார். அமுக்கி எடுத்தா நிறம் திரும்ப லேட் ஆவுது. உண்ணி இருந்துச்சா?"

"இருந்தது. இந்தச் சாரல் தொடங்கினதிலிருந்து இருநூத்திப் பதினாலு. அத்தனையும் எடுத்தாச்சு."

டாக்டர் நாயை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "எண்ணுனீங்களா?"

"எண்ணாம எப்படிச் சொல்ல முடியும்?"

"ஊறுகா பாட்டில்ல சோப்புத் தண்ணி ஊத்தி அம்புட்டையும் போட்டு வச்சிருக்காவ டாக்டர்" என்றாள் பகவதி. "வீட்டுக்கு வாரவுகளுக்கு எல்லாம் எடுத்துக் காட்டுதாவ. எங்க சம்பந்தி அன்னைக்குக் காப்பி குடிக்காமயே போயிட்டாவ."

"கடிக்க ஒண்ணு போதும் சார்" என்றார் டாக்டர்.

அந்த ஒரு வாக்கியத்தில் என் பாட்டில் காலியாகிவிட்டது. நான் தப்பவிட்ட இருநூற்றுப் பதினைந்தாவது உண்ணி ஒன்று இருந்திருக்கிறது என்று ஒரு சின்னப் பெண் என் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு வகைப் பூச்சி

உண்ணி கடித்தால் நாயின் ரத்தத்தில் இறங்கும் பூச்சிகளில் முக்கியமானவை இரண்டு வகை என்று டாக்டர் விளக்கினார். ஒன்று வெள்ளையணுவில் குடியிருக்கும். அதற்கு மாத்திரை. இன்னொன்று சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அதற்குத் தொடையில் ஆழமாகப் போடும் ஊசி.

"அந்த ஊசி கொஞ்சம் முரட்டு ஊசி சார். ஆளு ஏற்கெனவே தளந்து கிடக்கான். கண்ண மூடிக்கிட்டுப் போட மாட்டேன். ரத்தத்துல பூச்சிய ஒருக்கா கண்ணால பாத்துட்டா தைரியமாப் போட்டுரலாம்."

தாசில்தாரின் காது ஓரத்தில் சிறிய ஊசியால் குத்தினார். பாசிப்பயறு அளவு ரத்தம் வந்தது. காது நுனியின் மெல்லிய குழாய்களில்தான் இந்தப் பூச்சி அதிகம் தங்கும் என்பதால் அங்கே குத்துகிறார்கள். இரண்டு கண்ணாடி ஸ்லைடுகளில் ரத்தத்தை நாக்கு வடிவத்தில் இழுத்துக் காயவைத்தார். ஒன்று திருநெல்வேலி லேபுக்கு. ரிப்போர்ட் திங்கட்கிழமை வரும். இன்னொன்று அவர் பார்க்க வேண்டியது. ஆனால் அவருடைய மைக்ராஸ்கோப்பில் பல்பு போய் நான்கு நாள் ஆகியிருந்தது. மதுரையிலிருந்து பல்பு வந்துகொண்டே இருந்தது.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

"அதை என்கிட்ட குடுங்க டாக்டர்."

நான்கு லட்சத்து இருபதாயிரம்

போன வாரம் என் பல் செட்டைப் பற்றி எழுதியதற்குப் பதினோரு கடிதங்கள் வந்தன. அதில் நான்கு, "தாங்கள் உத்தியோகத்தில் என்னதான் செய்தீர்கள்?" என்று கேட்டிருந்தன. கேள்வியில் மரியாதை குறைவாகத்தான் இருந்தது. பதில் சொல்கிறேன்.

மலேரியா பிரிவில் லேப் டெக்னீசியன். காய்ச்சல்காரர்களின் விரலில் குத்தி எடுத்த ரத்தத்துக்குச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. நாளைக்கு அறுபது ஸ்லைடு. ஸ்லைடுக்கு நூறு இடம். முப்பத்தோரு வருஷம். என் கணக்குப்படி நான்கு லட்சத்து இருபதாயிரம் ஸ்லைடு. உலகத்தில் நான் பார்த்த மனித முகங்கள் அவ்வளவு இருக்காது.

என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு பெயர் உண்டு. அதற்குக் காரணம் ஒரு சேவல்.

ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்து வரும் களப்பணியாளர்களுக்கு மாதம் இத்தனை ஸ்லைடு என்று கணக்கு உண்டு. ஒருவர் எப்போதும் குறைவாகவே கொண்டு வருவார். பெயர் வேண்டாம், இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார். ஒரு மாதக் கடைசியில் பண்பொழிப் பக்கம் போய்விட்டு நாற்பது ஸ்லைடோடு சிரித்துக்கொண்டே வந்தார். சாயம் ஏற்றி வைத்துப் பார்த்தேன். முதல் ஸ்லைடிலேயே கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, இந்த நாப்பது பேரும் யாரு?"

"எல்லாம் காய்ச்சக்காரங்கதான் சார். வீடு வீடாப் போய் எடுத்தேன்."

"காலையில நாலு மணிக்குக் கூவுதாங்களா?"

மனிதனின் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. கோழிக்கு உண்டு, அணுவும் நீள்வட்டமாக இருக்கும். நாற்பது பேருக்கும் உட்கரு இருந்தது.

"சேவல் அறுக்கும்போது ரத்தம் வீணாப் போவுதேன்னு எடுத்தேன் சார்."

இந்தக் கதையை டாக்டர் ஜெனிபாவிடமும் சொன்னேன். நல்ல பெண், சிரித்தார். ஸ்லைடை ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

மாத்திரை வாங்க மறந்தது

வேலை பார்த்த சுகாதார நிலையத்தில் புது மைக்ராஸ்கோப்புகள் வந்தபோது பழையதை ஏலத்தில் எடுத்தவன் நான். பல்பு கிடையாது, கீழே கண்ணாடி வைத்து வெளிச்சத்தைத் திருப்பும் வகை. படுக்கையறை மேஜையில் இருக்கும். பகவதி தன் பழைய பாவாடையை வெட்டி அதற்கு உறை தைத்துப் போட்டிருக்கிறாள்.

தெரிந்த லேபில் ஒரு குப்பி நீலச் சாயம் வாங்கி வந்தேன். இந்தச் சாயத்தைச் சும்மா தண்ணீரில் கலக்கக் கூடாது. அதற்கென்று ஒரு மாத்திரை உண்டு. அதைக் கரைத்தால் தண்ணீரின் புளிப்பு போய், காரத்தின் பக்கம் ஒரு துளி சாய்ந்து நிற்கும். அப்போதுதான் நீலம் ஏறும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது.

மாத்திரையை வாங்க மறந்துவிட்டேன். அந்த லேப் மூன்றரை கிலோமீட்டர். வெளியே சாரல் வலுத்திருந்தது.

சமையலறையில் குற்றாலம் ஐந்தருவித் தண்ணீர் நான்கு கேன் இருந்தது. சீசன் வந்தால் எங்கள் பக்கத்து வீடுகளில் இது வழக்கம். குளிக்கப் போகிறவர்கள் கேனோடு போவார்கள், குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் பிடித்து வருவார்கள். மலையில் மூலிகை வேர்களைத் தழுவி வருகிற தண்ணீர். அது முடி கொட்டுவதை நிறுத்தும், மூட்டு வலியை எடுக்கும், புத்தி தெளியவைக்கும் என்றெல்லாம் எங்களுக்கு நம்பிக்கை. எழுபத்திரண்டு வருஷமாகக் குடிக்கிறேன். புத்தியைப் பற்றி இந்த அத்தியாயத்தின் முடிவில் நீங்களே தீர்ப்பு சொல்லிக்கொள்ளலாம்.

இதை விடச் சுத்தமான தண்ணீர் எது என்று எண்ணினேன். அதில் சாயத்தைக் கலந்தேன். அதிலேயே ஸ்லைடையும் கழுவினேன்.

மேஜை விளக்கைக் கண்ணாடிக்கு நேராகத் திருப்பி உட்கார்ந்தேன். நூறு இடம் அல்ல, இருநூறு இடம் பார்த்தேன். சிவப்பணுக்கள் எல்லாம் பன்னீர் ரோஜா நிறத்தில் அழகாக இருந்தன. ஒரு பூச்சியும் இல்லை.

வெள்ளையணுக்களின் உட்கரு நாவல்பழ நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்துப்போன ஜாக்கெட் மாதிரி இருந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் பார்த்தேன். சாயம் சரியாக ஏறவில்லை என்று அது கத்திச் சொல்கிறது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பூச்சி இல்லையென்றால் இருநூற்றுப் பதினைந்தாவது உண்ணியும் இல்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். "சுத்தமா இல்ல டாக்டர். இருநூறு இடம் பாத்துட்டேன்."

"உங்க அனுபவம் சார், நீங்க சொன்னா சரிதான். அப்ப அந்த ஊசி இப்ப வேண்டாம். அந்த வெள்ளையணுப் பூச்சிக்கு மாத்திரையை ஆரம்பிப்போம். திங்கக்கிழமை லேப் ரிப்போர்ட்டும் வந்துரட்டும்."

அனுபவம் என்று அவர் சொன்னபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம்

சனிக்கிழமை தாசில்தார் எழுந்திருக்கவில்லை. ஞாயிறு காலையில் அவரைத் தூக்கி முற்றத்தில் நிறுத்தினோம். மூத்திரம் பெய்தார். பால் சேர்க்காத காப்பி நிறம்.

பகவதி அவரைத் திரும்பப் படுக்க வைத்தாள்.

சிவப்பணு உடைந்தால்தான் இந்த நிறம் வரும். மலேரியாவிலும் அபூர்வமாக வருவதுண்டு. புத்தகத்தில் படித்திருக்கிறேன். ரத்தத்தை எதுவோ உள்ளிருந்து உடைக்கிறது என்று நாய் காட்டுகிறது. இல்லை என்று என் ஸ்லைடு சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய். நாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது.

ஸ்லைடை மறுபடி வைத்து வெள்ளையணுவை மட்டும் பார்த்தேன். இந்த முறை பத்து இடம் போதுமாக இருந்தது.

"பகவதி, நான் அருவித் தண்ணியில சாயம் கலந்துட்டேன்."

"அதுக்கென்ன?"

"அது லேசாப் புளிச்ச தண்ணி. நீலம் ஏறாது. பூச்சி இருந்தாலும் தெரியாது."

அவளுக்கு விளங்க மூன்று விநாடி ஆனது. "பருப்பு நல்லா வேகுமுன்னுதானே அந்தத் தண்ணிய எடுத்தாரச் சொன்னேன்? ரத்தம் பாக்கவா சொன்னேன்?"

டாக்டர் போனை எடுக்கவில்லை. ஆறு முறை அடித்தேன். கிளினிக் பெண்ணைப் பிடித்தபோது, டாக்டரக்கா சர்ச்சில் இருப்பதாகச் சொன்னாள். ஆட்டோவில் ஏறினோம். பகவதி மடியில் தாசில்தார், என் மடியில் மைக்ராஸ்கோப்.

சர்ச் வாசலில் பிரசங்கம் ஸ்பீக்கரில் கேட்டது. வெளியே செருப்புகள். நாற்பத்தொரு ஜோடி எண்ணினேன்.

"போய்க் கூப்பிடுங்க" என்றாள் பகவதி, ஆட்டோவுக்குள்ளிருந்து.

"நடுவுல எப்படிப் போக? முடியட்டும்."

"எப்ப முடியும்?"

"அரை மணி நேரம் ஆவும் போல."

"இவன் அது வரைக்கும் இருப்பானா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. தாசில்தாரின் தலையை என் மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி நாற்பத்திரண்டாவது ஜோடியாகப் போட்டாள். தலையில் பூவும் நெற்றியில் குங்குமமுமாக நேரே உள்ளே போனாள்.

டாக்டர் காதில் ரகசியமாகச் சொன்னதாகத்தான் அவள் இன்றைக்கும் சொல்கிறாள். "தாசில்தார் சாகக் கெடக்காரு, எங்க வீட்டுக்காரரு தப்பாப் பாத்துட்டாவ" என்பது ஆறு வரிசைக்குக் கேட்டிருக்கிறது. அன்று அந்தச் சபையில் தாசில்தாரின் உடல்நலத்துக்காக விசேஷமாக ஜெபம் செய்ததாகப் பிறகு தெரிந்தது. யாரும் திருத்தவில்லை. எங்கள் ஆளுக்கும் அது தேவையாகத்தான் இருந்தது.

டாக்டர் பைபிளைக் கையில் வைத்தபடியே வந்தார். செருப்புகளுக்கு நடுவில் நின்று சொன்னேன். "டாக்டர், என் ஸ்லைடு செல்லாது. ஐந்தருவித் தண்ணியில சாயம் கலந்தேன்."

"அதுல எப்படி சார் நீலம் ஏறும்?"

"ஏறாது."

"தெரியுமா உங்களுக்கு?"

"முப்பத்தோரு வருஷமாத் தெரியும்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏறுங்க சார், நேரமில்ல" என்று ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார்.

வால் ஓரம்

மறுபடி காது. மறுபடி ஒரு சொட்டு. இந்த முறை கிளினிக்கில் இருந்த சரியான தண்ணீரில் டாக்டரே சாயம் ஏற்றினார். என் மைக்ராஸ்கோப்பை மேஜையில் வைத்து விளக்கைத் திருப்பினேன்.

"நீங்க பாருங்க டாக்டர்."

"இந்தக் கண்ணாடி வச்ச மைக்ராஸ்கோப் எனக்குப் பழக்கமில்ல சார். நீங்களே பாருங்க. நடுவுல வேண்டாம், வால் ஓரத்துல பாருங்க. அங்கதான் கூடி நிக்கும்."

பழக்கமில்லை என்பது பொய் என்று எனக்குத் தெரியும். அந்த வயதில் அப்படி ஒரு பொய் சொல்ல எனக்குத் தோன்றியிருக்காது.

ரத்தத்தை இழுத்த நாக்கின் நுனிக்கு நகர்த்தினேன். முதலில் வெள்ளையணுவைத் தேடினேன். நாவல்பழம். நான்காவது இடத்தில் ஒரு சிவப்பணு. அதற்குள் இரண்டு, காம்புப் பக்கம் ஒட்டிக்கொண்ட கொய்யாப் பிஞ்சுகள் போல. பக்கத்து அணுவிலும் இரண்டு.

"இருக்கு" என்றேன். மறுபடி சொன்னேன்.

டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிரும்போதே மருந்துக் குப்பியை எடுத்துவிட்டார். இருபத்தேழு கிலோவுக்கு இவ்வளவு என்று இரண்டு முறை கணக்குப் போட்டு, தொடையில் ஆழமாக இறக்கினார். தாசில்தார் முனகக்கூட இல்லை.

"ரத்தம் ரொம்ப இறங்கிருக்கு சார். ரெண்டு நாள் தாண்டணும். தானா வாயத் தொறந்து ஏதாவது சாப்பிட்டான்னா நம்பலாம். அதுவரைக்கும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"வெள்ளிக்கிழமையே போட்டிருந்தா?"

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "கிளம்புங்க சார், அவன் படுக்கட்டும்" என்றார். அதுவும் ஒரு பதில்தான்.

மூன்று பக்கக் கடிதம்

திங்கட்கிழமை பகவதி பால், இட்லி, முட்டை, ஆட்டெலும்பு சூப் என்று நான்கு தட்டு வைத்தாள். தாசில்தார் நான்கையும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் திருநெல்வேலி ரிப்போர்ட் வந்தது. டாக்டர் போனுக்கு அனுப்பியிருந்தார். கடைசி வரி: ரத்த ஒட்டுண்ணிகள் எதுவும் காணப்படவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதை நம்பிக் காத்திருந்தால் நாய் போயிருக்கும். டாக்டரைக் கூப்பிட்டேன்.

"நடுவுல மட்டும் பாத்திருப்பாங்க சார். நடக்கதுதான். அதனாலதான் ஸ்லைடுல இல்லன்னா நாய்க்கு இல்லன்னு அர்த்தம் இல்ல. விட்டுருங்க."

விடுவதா? செவ்வாய்க்கிழமை காலையில் உட்கார்ந்து அந்த லேபுக்குப் புகார்க் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். பொறுப்பின்மை என்ற சொல் மட்டும் ஐந்து இடத்தில் வந்தது. பகவதி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"அவங்க தப்புக்கு மூணு பக்கமா?"

"பின்ன?"

"இல்ல, உங்க தப்புக்கு எத்தன பக்கம் ஆவும்னு யோசிச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

நான் நிறுத்தவில்லை. கடிதத்தை மடித்து உறையில் போட்டேன். பசைக் குப்பி காய்ந்து கிடந்தது. அடுப்பில் வடித்திருந்த சோற்றில் ஒன்பது பருக்கை எடுத்து வந்து, உறையின் வாயில் தேய்த்து ஒட்டினேன். காயட்டும் என்று தரையில் வைத்து, மேலே பஞ்சாங்கத்தைப் பாரமாக வைத்தேன். விலாசம் எழுதப் பேனா தேடி உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது பஞ்சாங்கம் ஓரமாகக் கிடந்தது. தாசில்தார் படுத்த இடத்திலிருந்து ஒன்றரை அடி நகர்ந்திருந்தார். முன்னங்கால்களுக்கு நடுவில் என் உறை. அதன் வாயை நக்கிக்கொண்டிருந்தார். மெதுவாக, ஓய்ந்து ஓய்ந்து, ஒவ்வொரு பருக்கையாக. பருக்கை தீர்ந்ததும் உறையைக் கிழித்தார். பிறகு முதல் பக்கத்தின் ஓரத்தை மெல்லத் தொடங்கினார்.

நான் கதவருகில் இருந்தே கூப்பிட்டேன்.

"பகவதி, சாப்பிடுதான்."

"என்னத்த?"

"லெட்டர."

உள்ளே பாத்திரம் ஒன்று கீழே விழுந்து உருண்டது. "பிடுங்கிராதீங்க" என்று கத்தினாள். "தின்னட்டும், நான் சோறு எடுத்துட்டு வாரேன்."

நான் பிடுங்கவில்லை. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டு வந்து சேர்வதற்குள் அவர் இரண்டாம் பக்கத்துக்கு வந்திருந்தார்.